கோடை உத்தியோகத்தின் கடைசி வாரம்

ஏப்ரல் மாதக் கடைசியில் பருவத் தேர்வை எழுதி முடித்த கையோடு, வீட்டுச் செலவுக்கோ அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கோ ஒரு தொகை சேர்க்கலாம் என்று அலுவலகங்களில் வேலைக்கு அமர்ந்த கல்லூரி மாணவர்கள், கல்லூரிகள் திறக்கும் இந்த ஜூன் மாதத்தில் தம் மேசைகளைக் காலி செய்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டியவர்களாக இருக்கிறார்கள். சேர்கிற நாளில் அவர்களை வரவேற்க ஆள் உண்டு. விலகுகிற நாளில் சம்பளத்தைத் தீர்த்து, சான்று எழுதிக் கொடுத்து, கல்லூரிக்கு வழியனுப்புவதைத் தம் பொறுப்பென்று கருதுகிறவர் அரிது. பட்டப்படிப்பு நடுவில் நின்றுபோவதற்குக் காரணம் தேடும் நாம் வறுமையைச் சொல்கிறோம், விவாகத்தைச் சொல்கிறோம், தேர்வில் தவறியதைச் சொல்கிறோம். கோடை உத்தியோகத்தின் கடைசி வாரத்தைச் சொல்வதில்லை.

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நான்கு வழிச் சாலையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் இருக்கும் விராலிமலை, இந்த விஷயத்தை நின்று பார்ப்பதற்குத் தக்க ஊர். அருணகிரிநாதர் பாடிய முருகன் கோயில், அந்தச் சுவாமிக்குச் சுருட்டுப் படைக்கும் வினோதமான வழக்கம், குன்றைச் சுற்றித் திரியும் மயில்கள், 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாள் என்ற அடையாளங்களைக் கொண்டே வெளியூரார் இவ்வூரை அறிவார்கள். ஆனால் வானத்தைப் பார்த்து விதைத்துக்கொண்டிருந்த இந்தப் பூமியில் இரும்பு வார்ப்பாலையும் உணவுப்பொருள் ஆலையும் வந்து, அவற்றின் பின்னே கிடங்குகளும் எடை மேடைகளும் லாரி புக்கிங் ஆபீசுகளும் வந்து சேர்ந்த பிறகு, ஊரின் அன்றாட ஜீவனம் கம்பெனி வேன் வரும் நேரத்தை அனுசரித்து நடக்கலாயிற்று.

ஆலை என்றதும் இயந்திரத்தின் அருகே நிற்கும் தொழிலாளியே நம் கண்முன் வருகிறார். ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு டைம் ஆபீஸ் உண்டு, ஒரு ஸ்டோர் உண்டு, வாசலில் ஒரு பதிவேடு உண்டு. ஊருக்குள் ஆடிட்டர் அலுவலகமும் இ-சேவை மையமும் நகைக்கடன் கொடுக்கும் கம்பெனியின் கிளையும் உண்டு. நிரந்தரக் குமாஸ்தாக்கள் கல்யாணத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் விடுப்பில் போகிற மே மாதத்தில் இம்மேசைகளில் வந்து உட்காருகிறவர்கள், புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் மணப்பாறைப் பக்கத்திலும் பி.காம்., பி.பி.ஏ., கணினி அறிவியல் படிக்கும் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள்.

இவர்களுடைய பாட்டிமார்களை நினைவுகூர்வது இங்கே அவசியம். 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், விராலிமலை அடங்கிய புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், கல்லுடைக்கும் பெண்களும் களை பறிக்கும் பெண்களும் இரவு விளக்கின் கீழ் எழுத்தைக் கற்று, பகலில் வாடகைச் சைக்கிளில் ஏறிப் பழகினார்கள். கைநாட்டு வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்ட அந்தத் தலைமுறையின் பேரப் பிள்ளைகள் இன்று பட்ட வகுப்பின் மூன்றாம் ஆண்டு வாசலில் நிற்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்த வண்டி, ஒரு ஜூலை மாதச் சம்பளத்துக்காக நின்றுபோவதை அலட்சியமாக விட்டுவிடலாகாது.

எடை மேடையில் கற்கும் பாடம்

கோடை வேலையே கூடாது என்ற கட்சியைச் சேர்ந்தவன் அல்லன் நான். ஆலை வாசலில் ஸ்டோர் பதிவேட்டை எழுதும் ஒரு பி.காம். மாணவி ஒரு காலை வேளையில் என்ன செய்கிறாள் என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தால், வேலையினால் விளையும் பிரயோஜனம் விளங்கும்.

மூலப்பொருள் ஏற்றிய லாரி வந்து நிற்கிறது. டிரைவர் பில்லையும் இ-வே பில்லையும் ஜன்னல் வழியே நீட்டுகிறார். வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு, பில்லில் உள்ள வண்டி எண்ணும் வாசலில் நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றுதானா என்று எழுந்து நின்று பார்க்கிறாள். பாரத்தோடு எடை மேடையில் ஏறிய வண்டி, சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக மறுபடி ஏறிய பிறகு, இரண்டு சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பில்லில் கண்ட எடையோடு ஒப்பிடுகிறாள். நாற்பது கிலோ குறைகிறது. டிரைவர் "தார்ப்பாய் ஈரம் பாப்பா, வழியில மழை" என்கிறார். ஈரமான தார்ப்பாய் எடையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்று சொல்லும் தைரியம் முதல் வாரத்தில் அவளுக்கு வருவதில்லை. மூன்றாம் வாரத்தில் வந்துவிடுகிறது. குறைவைச் சிவப்பு மையில் குறித்து, டிரைவரிடமும் கையெழுத்து வாங்கி, அதற்கேற்பப் பில் தொகையைக் குறைக்கும்படி கணக்குப் பிரிவுக்கு அனுப்புகிறாள்.

இரண்டாம் ஆண்டுப் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு மேல் இல்லாத இந்த விவகாரத்தை ஐம்பது லாரிகளில் கண்டுவிட்டு வகுப்புக்குத் திரும்புகிறவளுக்கு, கணக்குப் பதிவியல் வேறு சாஸ்திரமாகத் தோன்றும் என்பதில் சந்தேகமில்லை. அவளை எழுப்பி நிறுத்தி அரைமணி நேரம் பேசச் சொன்னால், ஆசிரியருக்கும் அன்றைய பாடத்தில் பாதி மிச்சமாகும். பெரும்பாலான வகுப்புகளில் அவளை எழுப்பி நிறுத்துவது தாமதமாக வந்ததற்காகத்தான்.

"இந்த மாசம் மட்டும் இரும்மா"

வேலையை விடப்போகும் மாணவரைப் பிடித்து நிறுத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்று எண்ண வேண்டாம். ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். சம்பளக்காரர்கள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. அதற்கிடையில் மாதந்தோறும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. படிவங்களுக்கான தவணைகள் வந்து நிற்கின்றன. ஏப்ரலில் சேர்ந்த பையன் டாலியில் கை பழகி, கட்சிக்காரர்களின் பெயரும் குணமும் தெரிந்து, உண்மையில் உபயோகப்படத் தொடங்குவதே ஜூன் முதல் வாரத்தில்தான். அந்த மாத நடுவில் அவன் கல்லூரி திறக்கிறது.

"ஜூலை முப்பத்தொண்ணு முடியட்டும் தம்பி, காலேஜ் எங்க போயிரப் போவுது?" என்று ஆடிட்டர் கேட்கிறார். சம்பளத்தில் ஓர் ஆயிரம் கூட்டித் தருவதாகவும் சொல்கிறார். வீட்டிலோ, மாதம் எட்டாயிரமோ பத்தாயிரமோ கையில் வந்து பழகிவிட்டது. குழுக் கடன் தவணைக்கு இந்த இரண்டு மாதமும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட நேரவில்லை. "பிள்ளை இஷ்டம்" என்று தாய் சொல்வதில் இருக்கும் ஆசை அவனுக்குத் தெரியாமலா போகும்?

கணக்கு இங்கேதான் பிசகுகிறது. ஒரு பருவத்துக்கு ஏறத்தாழத் தொண்ணூறு வேலை நாட்கள்; தேர்வெழுத நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வருகை வேண்டும். ஆகவே பருவம் முழுவதற்கும் ஒரு மாணவர் வராமல் இருக்கக்கூடிய நாட்கள் இருபத்திரண்டுதான். ஜூன் நடுவில் திறக்கும் கல்லூரிக்கு ஜூலை 31 வரை போகாமல் இருந்தால், ஞாயிறு சனி கழித்தும் முப்பதுக்கு மேற்பட்ட நாட்கள் போய்விடுகின்றன. ஆகஸ்டு முதல் தேதி பையோடு போய் உட்காருகிறவன், பிறகு ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தாலும், எழுபத்தைந்தை எட்ட முடியாத நிலையிலேயே பருவத்தைத் தொடங்குகிறான். அபராதம் கட்டித் தப்பலாம்; அதற்கு மருத்துவச் சான்று முதலிய உபாயங்கள் உண்டு என்பது கல்லூரி வளாகத்தில் எல்லோரும் அறிந்த ரகசியம். ஆனால் செப்டம்பரில் ஒரு காய்ச்சல், அக்டோபரில் வீட்டில் ஒரு காரியம் என்று வந்துவிட்டால் அந்த உபாயமும் பலிப்பதில்லை. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்ற வாக்கியம் வீட்டில் முதன்முதலாக உச்சரிக்கப்படுவது அப்போதுதான். அதை உச்சரித்த வீடுகளில் அடுத்த வருஷம் பெரும்பாலும் வருவதில்லை.

இதில் இழப்பு என்ன என்று கேட்பவர் உண்டு. வேலைதான் இருக்கிறதே என்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வைப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு எழுதலாம். குரூப் 2 தேர்வுக்கும் பொதுத்துறை வங்கிக் குமாஸ்தா தேர்வுக்கும் பட்டம் இன்றியமையாதது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி பட்டதாரிப் பழகுநராகச் சேர்வதற்கும் பட்டம் வேண்டும். 2019இல் திருத்திய விதிகளே அவர்களுக்கு மாதம் 9,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்துவிட்டன. இரண்டாம் ஆண்டோடு நின்ற மாணவர் ஐந்து ஆண்டு அனுபவம் பெற்றாலும், விண்ணப்பப் படிவத்தில் 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் பிளஸ் டூ என்றே எழுத வேண்டும். அவர் கற்றுக்கொடுத்த புதிய பையன் பட்டத்தோடு வந்து, ஆறு மாதத்தில் அவருக்கு மேலதிகாரியாவதும் நடக்கிறது.

அரசு பள்ளியில் படித்து வந்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன. படிப்பைத் தொடர்வதற்கென்றே கொடுக்கும் அந்தப் பணம் மிக்க உபகாரமானது. ஆயினும் கையிலிருக்கும் பத்தாயிரத்தின் எதிரே ஆயிரம் தராசில் தாழ்வதில்லை. தாழச் செய்ய வேண்டுமானால் பணத்தைத் தவிர வேறு ஏற்பாடுகளும் வேண்டும்.

நிலுவையில் நிற்கும் சம்பளம்

திரும்ப உறுதிகொண்ட மாணவரையும் இழுத்துப் பிடிக்கும் ஒரு கயிறு உண்டு. அது கடைசி மாதச் சம்பளம். மே மாதச் சம்பளம் ஜூன் பத்தாம் தேதிதான். ஜூனில் வேலை செய்த பன்னிரண்டு நாளுக்கு ஜூலை பத்தாம் தேதிதான் என்பது பல சிறிய அலுவலகங்களின் சம்பிரதாயம். ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவர்களுக்கு இது இன்னும் நீளும். கல்லூரிக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் ஜூனிலேயே கேட்கப்படுவதால், எந்தப் பணத்துக்காக வேலைக்குப் போனாரோ அந்தப் பணம் வேண்டிய தருணத்தில் கிடைப்பதில்லை. "வந்து வாங்கிக்க" என்ற பேச்சை நம்பி வகுப்பை விட்டுவிட்டு வருகிறவரிடம், "வந்ததுதான் வந்தே, இந்த என்ட்ரியைப் போட்டுட்டுப் போ" என்பார்கள்.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒருவர் நீக்கப்பட்டாலும் சரி, தாமாகவே விலகினாலும் சரி, அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது அதன் விதி. அதனோடு நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பணியில் சேர்பவருக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறது. இவ்விரண்டையும் மாணவர்கள் அறிய மாட்டார்கள். முதலாளிகளில் பலரும் அறிய மாட்டார்கள் என்றே என் அபிப்பிராயம். இரண்டு மாதத்துக்கு வரும் பையனுக்குக் கடிதமா என்று சிரிக்கும் அலுவலகங்கள், அதே பையனிடம் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் அசலை மட்டும் மறக்காமல் வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கின்றன.

வெளிநாட்டில் வரையப்பட்ட கோடு

படிக்கும் பிள்ளை வேலைக்குப் போவதே தவறு என்று வாதிக்கும் பெரியோர்கள், தம் உறவினர் வீட்டுப் பிள்ளை ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டே கடையில் வேலை செய்வதைப் பெருமையோடு சொல்கிறார்கள். அங்குள்ள நியதியைச் சற்றுக் கவனிக்கலாம். வெளிநாட்டு மாணவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் பதினான்கு நாளுக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்று 2023 ஜூலையில் ஆஸ்திரேலியா விதித்தது; விடுமுறையில் அந்த வரம்பு இல்லை. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாட காலத்தில் வாரம் 20 மணி நேரம், விடுமுறையில் முழுநேரம். ஜெர்மனியில் மாணவ ஊழியருக்குரிய சலுகை நீடிக்க வேண்டுமானால், பாட காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி.

விடுமுறைக்கும் பாட காலத்துக்கும் இடையில் ஒரு கோடு வரைந்து, கோட்டுக்கு இப்புறம் தாராளமாகவும் அப்புறம் கண்டிப்பாகவும் இருப்பது இவ்விதிகளின் தாத்பரியம். நம்மிடம் அந்தக் கோடு இல்லை. மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தில், மாதம் 5,000 ரூபாயோடு பன்னிரண்டு மாதம் பெரிய கம்பெனிகளில் பழகலாம் என்று ஏற்பாடு செய்தபோது, முழுநேரக் கல்வியில் இருப்பவர்கள் சேர முடியாது என்று விதித்தார்கள். படிப்பவருக்கு அத்திட்டத்தில் இடமில்லை. வேலை செய்பவருக்கு வகுப்பில் இடமில்லை. நடுவில் நிற்கும் கோடைக்கால ஊழியர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

செய்யக்கூடியவை

முதலில் கல்லூரிகள். இளநிலை மாணவர்கள் நான்காம் பருவத்துக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம் வரை இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. நாளைக்கு எட்டு மணி நேரமாக உழைத்தவர் பதினைந்தே நாளில் 120 மணியை எட்டிவிடுகிறார். இரண்டு மாதம் உழைத்தவர் அதைப்போல் மூன்று மடங்கு செய்திருக்கிறார். எடை மேடையில் நின்றவளின் வேலையை ஏற்காமல், இணையத்தில் காசு கட்டி வாங்கிய பளபளப்பான சான்றிதழை ஏற்கும் விபரீதம் ஒழிய வேண்டும். வேலை பார்த்த இடத்தின் கடிதமும், மாணவர் தம் கையால் எழுதிய பத்துப் பக்க அறிக்கையும், துறைத் தலைவர் நடத்தும் ஒரு வாய்மொழித் தேர்வும் இதற்குப் போதுமானவை. கோடை வேலை மதிப்பெண்ணாக மாறும் என்று தெரிந்தால், அதைப் பெற்றுக்கொள்ளவாவது மாணவர் ஜூனில் கல்லூரிப் படியேறுவார்.

அடுத்தபடியாக, கல்லூரி திறந்த பத்தாம் நாள் வரை வராத இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களின் பட்டியலை எடுத்து, வகுப்பு ஆசிரியர் அவரவர் வீட்டுக்கு ஒரு டெலிபோன் செய்ய வேண்டும். இருபத்திரண்டு நாள் என்ற கணக்கைத் தாய் தந்தையரிடம் எடுத்துச் சொன்னால் புரியும். அவர்கள் அறியாதது அந்தக் கணக்கைத்தான். வருகை குறைந்துவிட்டது என்று அக்டோபரில் அனுப்பும் அறிவிப்பினால் எவருக்கும் உபயோகமில்லை.

முதலாளிகளுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சேரும்போதே கடைசி நாளைத் தேதியிட்டுக் கடிதம் கொடுங்கள். அந்தத் தேதியில் சம்பளத்தை வங்கிக் கணக்கில் செலுத்திவிடுங்கள். வேலையின் தன்மையையும் மணி நேரத்தையும் குறிப்பிட்டு ஒரு பக்கச் சான்று கொடுங்கள். ஜூலை நெருக்கடிக்கு ஆள் வேண்டுமானால், பழகிய மாணவரையே மாலை இரண்டு மணி நேரத்துக்கும் சனிக்கிழமைக்கும் வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்? பழகாத புதியவரை முழுநேரமும் வைத்துக்கொள்வதைவிட அது லாபகரமானது என்பதை ஆடிட்டருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில்தான் செல்லும். புறநகர்ப் பேருந்தில் வந்து இறங்கி மாலையில் வேலை செய்யும் மாணவியின் பஸ் கட்டணத்தையும் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பது நியாயம்.

மாணவர்கள் தம் அளவில் சில ஜாக்கிரதைகளை மேற்கொள்ளலாம். அசல் சான்றிதழை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம், நகல் போதும். சம்பளத்தைக் கையில் வாங்காமல் கணக்கில் வாங்குங்கள். வருகைப் பதிவேட்டின் பக்கத்தை மாதக் கடைசியில் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிராவிடண்டு பண்டு பிடித்தார்களானால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு விலகுங்கள். அடுத்த உத்தியோகத்திலும் அதே எண்தான் தொடரும். விலகும் செய்தியைக் கடைசி நாளில் வாய்மொழியாகச் சொல்வதைவிட, இரண்டு வாரத்துக்கு முன்னமே எழுத்தில் கொடுப்பது கௌரவமானது. பின்னால் தகராறு வந்தால் அந்தக் காகிதமே சாட்சி.

மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய காரியம் பெரிய செலவு பிடிப்பதன்று. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் அக்கூட்டத்தில் தொழிலாளர் துறைக்காரர் ஒருவரும் கல்லூரிக் கல்வித் துறைக்காரர் ஒருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, சம்பளம் நிலுவையில் உள்ள மாணவரின் மனுவை வாங்கி, அங்கேயே அலுவலகத்துக்கு டெலிபோன் செய்து தீர்த்துவைக்கலாம். வகுப்பை விட்டுவிட்டுப் புதுக்கோட்டை வரை போக முடியாதவர்களுக்காக, விராலிமலை வட்டாட்சியர் அலுவலகத்திலும் மாதம் ஒரு சனிக்கிழமை அதே மேசையைப் போடலாம். மனு எழுதிக் கொடுப்பதற்குக் கூட வெளி ஆள் வேண்டாம். முந்தின கோடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரை உட்காரவைத்து, அந்த நேரத்தையும் அவர்களுடைய இன்டர்ன்ஷிப் கணக்கில் சேர்த்துவிடலாம்.